பெட் ஸ்கேனுக்குப் போகும் முன்...

"ஒரு பேரீச்சம்பழமும் அரைக் கோப்பை பிளேன்டீயும்தானே! அதற்குப் போய் ஆளைத் திருப்பி அனுப்புவதா?" என்று எங்கள் மாமி இன்றும் கேட்பார்.

ராத்தாவின் முதலாவது பெட் ஸ்கேன் அந்தப் பேரீச்சம்பழத்தால்தான் தவறிப் போனது. கிழக்கிலிருந்து இரவு பஸ்ஸில் கொழும்பு வந்து இறங்கியவருக்கு, பசியோடு போகிறாளே என்ற இரக்கத்தில் மாமி கொடுத்தது அது. ஸ்கேன் அறை வாசலில் தாதி, "கடைசியாக எப்போது, என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டதும் ராத்தா ஒளிக்காமல் சொல்லிவிட்டார். வேறு திகதி கொடுத்தார்கள். மார்பில் கண்ட புற்றுநோய் வேறு இடங்களுக்கும் பரவியிருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் இன்னும் பத்து நாட்கள். அந்தப் பத்து நாட்களும் எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவுமில்லை.

சகோதரிகளே, விஷயம் இதுதான். சீ.ரி. ஸ்கேன் உறுப்புகளின் வடிவத்தைக் காட்டும். பெட் ஸ்கேனோ உடம்பில் எந்த இடம் சீனியை அதிகமாக இழுக்கிறது என்று காட்டும். பெரும்பாலான புற்றுநோய்க் கலங்கள் சீனிக்குப் பேராசை பிடித்தவை. எனவே, குளுக்கோஸைப் போன்ற ஒரு பொருளோடு புளோரின்-18 என்ற கதிர்வீச்சுப் பொருளைச் சிறிதளவு சேர்த்து நாளத்தில் ஏற்றுகிறார்கள். அது போய்ச் சேரும் இடம் படத்தில் ஒளிரும். நாம் முன்கூட்டியே இனிப்பைச் சாப்பிட்டுவிட்டால் இன்சுலின் சுரந்து, அந்த மருந்தைத் தசைகள் இழுத்துக்கொள்ளும், படம் குழம்பிவிடும். அதனால்தான் குறைந்தது நான்கு முதல் ஆறு மணித்தியாலம் வெறும் தண்ணீர் மட்டும். பிளேன்டீ கூடாது, பால் கூடாது, டொபி கூடாது, சுவிங்கமும் கூடாது. முதல் நாள் பாரமான வேலைகளையும் தவிர்க்கச் சொல்வார்கள். மாவிடிப்பது, வீடு கழுவுவது, மாடிப்படி ஏறி இறங்குவது எல்லாம் இதில் அடங்கும். எங்கள் வீடுகளில் நோயாளியும் அடுப்படியில் நிற்பதால் இதைக் கணவன்மாரும் பிள்ளைகளும் கட்டாயம் கேட்டு வைக்க வேண்டும்.

சீனி வியாதி உள்ளவர்கள் திகதி எடுக்கும்போதே அதைச் சொல்லிவிட வேண்டும். ஊசிக்கு முன் விரலில் குத்தி இரத்தச் சீனியைப் பார்ப்பார்கள். 200க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் தள்ளிப்போடுவார்கள். மெட்ஃபோர்மின் குளிசை குடலை ஒளிரச் செய்து படத்தை மறைக்கக்கூடும். அதை நிறுத்துவதா, எப்போது நிறுத்துவது என்பதை வைத்தியர் சொல்லட்டும். நாமாக நிறுத்தக் கூடாது. மாதவிடாய் தள்ளிப்போயிருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். பாலூட்டும் தாய்மாரும் சொல்ல வேண்டும்.

நேரம் தவறுவதும் ஆபத்து. புளோரின்-18 சுமார் 110 நிமிடங்களுக்கு ஒரு தடவை பாதியாகிவிடும். உங்களுக்கென்று கணக்கிட்டு வைத்த மருந்து நாளைவரை காத்திராது.

மார்பில் நோய் உள்ளவர்களுக்கு ஊசியை மற்றக் கையில் ஏற்றுவதுதான் வழக்கம். தாதி கேட்க மறந்தாலும் நீங்கள் சொல்லுங்கள். ஊசி போட்ட பின் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் தனி அறையில் சும்மா படுத்திருக்க வேண்டும். துணைக்கு வந்தவர் உள்ளே இருக்க முடியாது. பேசினால் தொண்டைத் தசை ஒளிரும். குளிர்ந்தால் கழுத்தருகேயுள்ள ஒருவகைக் கொழுப்பு ஒளிரும். எனவே ஒரு சால்வையைக் கையோடு கொண்டுபோவது நல்லது. ராத்தா மனதுக்குள்ளேயே ஓதிக்கொண்டு கிடந்தாராம். தொழுகை நேரத்தைக் கணக்கிட்டு, முன்னதாகவே தொழுதுவிட்டுப் போனால் அந்த ஒரு மணித்தியாலம் மனம் அலையாது. நோன்பு மாதத்தில் திகதி விழுந்தால், ஸ்கேன் முடிந்த பின் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டியிருக்கும் என்பதையும் யோசித்து முடிவெடுங்கள்.

பிறகு சலம் கழித்துவிட்டு வரச் சொல்வார்கள். நகை, ஊக்கு, ஹிஜாப் பின் அனைத்தையும் கழற்ற வேண்டும். ஆகவே நகைகளை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். ஊக்கில்லாமல் தலையை மறைக்கக்கூடிய பருத்தித் துணி ஒன்றிருந்தால் போதும். பெண் உத்தியோகத்தர் வேண்டுமென்றால் திகதி எடுக்கும்போதே கேட்டுப் பாருங்கள். இயந்திரம் பெரிய வளையம் போன்றது. எம்.ஆர்.ஐ.யைப் போல் தடதடவென்று சத்தம் போடாது. இருபது முப்பது நிமிடங்கள் கைகளைத் தலைக்கு மேல் வைத்து அசையாமல் படுக்க வேண்டும். கக்கத்தில் சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கு அதுதான் கஷ்டம். வலித்தால் முன்பே சொல்லுங்கள், தலையணை வைத்துத் தருவார்கள்.

மஹரகம அரசாங்க வைத்தியசாலைக்கு இந்த இயந்திரத்தை வாங்குவதற்காக 2016இல் கதீஜா பவுண்டேஷன் பொதுமக்களிடம் நிதி திரட்டியது பலருக்கு நினைவிருக்கும். இனமத பேதமின்றி மக்கள் கொடுத்த பணம் 20 கோடி ரூபாவைத் தாண்டியது.

வீடு திரும்பிய அன்று ராத்தாவுக்குப் பெரிய சோதனை பேரப்பிள்ளைதான். கதிர்வீச்சு உடம்பை விட்டு நீங்கும்வரை சில மணித்தியாலங்கள் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் நெருங்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். பிள்ளை வாசலில் நின்று அழ, ராத்தா அறைக்குள்ளிருந்து கதை சொல்லி இரவைக் கழித்தார்.

அறிக்கை வந்ததும் நாங்கள் செய்த பிழை, வைத்தியரைக் காணும் முன்பே அதைப் பிரித்துப் படித்ததுதான். மூளையும் இருதயமும் சிறுநீர்ப்பையும் எவருக்கும் ஒளிரும். பழைய காசநோய்த் தழும்பு, கிருமித் தொற்று, மூட்டு வீக்கம், அண்மையில் போட்ட தடுப்பூசி எல்லாமே ஒளிரக்கூடும். மிகச் சிறிய கட்டியோ ஒளிராமலே இருந்துவிடவும் கூடும். இதெல்லாம் தெரியாததால், "வலது முழங்கால்" என்றிருந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு, எலும்பில் பரவிவிட்டது என்று எங்கள் உம்மா இரவு முழுக்க அழுதார்.

மறுநாள் வைத்தியர் படத்தைப் பார்த்துவிட்டு, "முழங்கால் நோவு எத்தனை வருஷமாக இருக்கிறது?" என்று கேட்டார். பத்து வருஷமாக என்றார் ராத்தா. அது வாதம். நோய் மார்பிலும் கக்கத்து நெறியிலும் மட்டும்தான் இருந்தது. அடுத்த வாரமே சத்திரசிகிச்சைக்குத் திகதி குறித்தார்கள்.