ஜூரா மலைநாட்டின் மஞ்சள் ஒயின்

பிரான்சு தேசத்தின் கிழக்கெல்லையில், ஸ்விட்ஸர்லாந்தை அடுத்து ஜூரா என்னும் மலைநாடு உளது. அங்கே ஒரு குன்றின்மேல் அமைந்த ஷாத்தோ ஷலோன் என்ற சிற்றூர் மஞ்சள் ஒயினுக்குப் பெயர் பெற்றது. அப்பெயருக்குரிய திராக்ஷைத் தோட்டங்கள், அண்டைக் கிராமங்களையும் சேர்த்து, 50 முதல் 60 ஹெக்டேர், அதாவது சுமார் 125 முதல் 150 ஏக்கர் மாத்திரமே. இவ்வளவு சொற்ப நிலத்தின் விளைவு எவ்வாறு இத்தனை மதிப்பைப் பெற்றது என்பதை மிராசுதார்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் அறிதல் நன்று.

பூமியும் பயிரும்

மேலே சுண்ணாம்புப் பாறை. அதன்கீழ்ச் சரிவில் சாம்பல் நிறக் களிமண். இங்குப் பயிராவது சவாஞான் என்னும் வெண்திராக்ஷை. இதன் பழம் சிறியது, தோல் தடித்தது, தாமதமாகவே முதிர்வது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பைலோக்ஸிரா என்னும் வேர்ப்பூச்சி பரவித் தோட்டங்களை அழித்தது. அதன்பின் அப்பூச்சியைத் தாங்கவல்ல அமெரிக்க இனத்து வேர்ச்செடிகளில் ஒட்டுக்கட்டிய கொடிகளே நடப்படுகின்றன.

பக்குவம் செய்யும் முறை

பழரசம் புளித்து ஒயினானதும், அதைச் சுமார் 228 லிட்டர் கொள்ளும் ஓக் மரப் பீப்பாய்களில் ஊற்றி வைக்கின்றனர். பிற இடங்களில் ஆவியாகிக் குறைவதை அவ்வப்போது நிரப்புவது வழக்கம், இங்கோ நிரப்புவதில்லை. மேற்பரப்பில் ஈஸ்ட் நுண்ணுயிர்கள் மெல்லிய ஆடையாகப் படர்ந்து, ஒயின் காடியாகாமல் காக்கின்றன. ஆடை சரியாகப் படராத பீப்பாய் வேறு உபயோகத்திற்கு ஒதுக்கப்படும். அறுவடைக்குப்பின் ஆறாம் வருஷம் டிசம்பர் 15ஆம் தேதி வரையில் இதை விற்பனைக்கு எடுத்தல் கூடாது. ஒரு லிட்டரில் எஞ்சுவது ஏறக்குறைய 62 சென்டிலிட்டர் என்பது கணக்கு; கிளாவ்லான் என்னும் குட்டையான புட்டியின் அளவும் அதுவே.

ருசி பார்த்தல்

சிறு ஒயின்சாலைக்குச் செல்வோருக்கு நிலவறையில் முதலில் வெளிறிய செந்நிற ஒயினையும், பின்னர் வெள்ளை ஒயினையும், கடைசியில் மஞ்சள் ஒயினையும் அளிப்பது அந்நாட்டு வழக்கம். மஞ்சள் ஒயினில் தித்திப்பு இராது. அக்ரோட்டுப் பருப்பின் சுவையும், நம்மவர் உடனே அடையாளம் காணத்தக்க வெந்தய வாசனையும் அதில் உண்டு. வெந்தயத்திலுள்ள சோட்டலோன் என்னும் பொருள் இந்த ஒயினிலும் உண்டாவதே அதற்குக் காரணம்.

பெயரைக் காத்தல்

ஷாத்தோ ஷலோன் என்னும் பெயருக்கு 1936ஆம் வருஷத்தில் சட்டப் பாதுகாப்புக் கிடைத்தது. அறுவடைக்கு முன் ஒரு குழுவினர் தோட்டங்களைப் பார்வையிட்டுப் பழத்தின் முதிர்ச்சியைச் சோதிப்பர். 1974, 1980, 1984, 2001 ஆகிய வருஷங்களில் பழம் போதிய தரமடையவில்லை. ஆகவே அவ்வருஷங்களின் விளைவுக்கு அப்பெயரையே இடாது விட்டனர். உயர்ந்த விலையை இழந்தனர். வாங்குவோரின் நம்பிக்கையை இழந்தாரில்லை.

நம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராக்ஷைக்கு 2023ஆம் வருஷத்தில் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு பெறுவது ஒருமுறை. அதைக் காப்பது ஒவ்வொரு அறுவடையிலும் செய்யவேண்டிய காரியம். முதிராத குலைகளை முன்கூட்டி அறுப்பதும், அயலூர்ப் பழத்தைக் கலப்பதும் ஒருவருக்கு அன்றைய லாபம் தரலாம். ஆனால் நஷ்டம் ஊர் முழுமைக்குமாம். ஆதலின் விவசாயிகள் ஒன்றுகூடி, அறுவடைக்கு முன் தோட்டங்களைச் சோதித்துத் தரம் பிரிக்கும் கட்டுப்பாட்டைத் தாமே ஏற்படுத்திக்கொள்ளல் நலம்.