நட்சத்திரம் பார்த்து வாங்குவோம்

சரக்கின் விலையைப் பேசிக் குறைக்கலாம். மின்சார பில்லோடு பேரம் பேச முடியாது. 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் கட்டணம் கூட்டப்பட்டபோது கல்முனை முதல் பொத்துவில் வரை எல்லா வியாபாரிகளும் இதை உணர்ந்தோம். அதன் பின்னர் கட்டணம் இறங்கியும் ஏறியும் வந்திருக்கிறது. கட்டணம் நம் கையில் இல்லை. செலவாகும் யுனிட் நம் கையில் இருக்கிறது.

இதற்கு உதவுவதுதான் நட்சத்திர லேபல். 2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இலங்கை நிலைபெறுதகு வலு அதிகார சபை, பல்ப், சீலிங் பேன் முதலான பொருட்களுக்கு இம்முறையைக் கொண்டு வந்தது. நட்சத்திரம் கூடினால், அதே வேலைக்கு ஆகும் மின்சாரம் குறையும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். சாதாரண சீலிங் பேன் சுமார் 75 வொட்ஸ் எடுக்கும். புதிய பீ.எல்.டீ.சீ. மோட்டார் பேன் சுமார் 30 வொட்ஸ்தான். கடையில் நான்கு பேன்கள் தினமும் 12 மணித்தியாலம் சுழன்றால், மாதத்துக்கு ஏறத்தாழ 65 யுனிட் மிச்சம். உங்கள் பில்லில் உள்ள யுனிட் விலையால் இதைப் பெருக்கிப் பாருங்கள். கூடுதலாகக் கொடுத்த விலை எத்தனை மாதத்தில் திரும்பி வரும் என்பது தெரிந்துவிடும்.

லேபலைப் பார்க்கும்போது இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, ஒரே அளவுள்ள பொருட்களையே ஒப்பிட வேண்டும். ஐந்து நட்சத்திர இரண்டு டொன் ஏ.ஸீ., மூன்று நட்சத்திர ஒரு டொன் ஏ.ஸீ.யை விடக் கூடுதலாக மின்சாரம் எடுக்கலாம். மற்றது, ஆண்டு. இந்தியாவில் 2006இல் தொடங்கிய நட்சத்திர முறையில் அளவுகோல் இடைக்கிடையே இறுக்கப்படுகிறது. பழைய ஐந்து நட்சத்திரம் புதிய கணக்கில் நான்காகவோ மூன்றாகவோ இறங்கிவிடும்.

கட்டடங்களுக்கும் தரப்படுத்தல் உண்டு. இங்கிலாந்தில் வீடு விற்பவர் ஏ முதல் ஜீ வரை தரம் காட்டும் சான்றிதழைக் கொடுக்க வேண்டும். இங்கே 2008இல் வலுச் சிக்கனக் கட்டடங்களுக்கான நடைமுறைக் கோவை வெளியானது. இலங்கை பசுமைக் கட்டடப் பேரவையும் வெள்ளி, தங்கம், பிளாட்டினம் எனத் தரம் வழங்குகிறது. சிறிய கடைக்குச் சான்றிதழ் தேவைப்படாது. ஆனால் அதன் பாடம் தேவை. கச்சான் வீசும் மாதங்களில் கொங்கிரீட் தட்டும் மேற்குச் சுவரும் உறிஞ்சும் வெப்பத்தைத்தான் ஏ.ஸீ. காசு கொடுத்து வெளியேற்றுகிறது. தட்டுக்கு வெள்ளைப் பூச்சு, மேற்கு யன்னலுக்கு நிழல், கதவு இடுக்குகளுக்கு அடைப்பு ஆகியவற்றை முதலில் செய்துவிட்டு, அதன்பின் ஏ.ஸீ.யின் அளவைத் தீர்மானியுங்கள்.

மின்சாதனம் விற்கும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. லேபலும் தராசு போன்றதுதான். போலி நட்சத்திரம் ஒட்டிய பொருளை விற்பது நிறுவையில் குறைப்பதற்கு ஒப்பாகும். வீண்விரயத்தையும் மோசடியையும் மார்க்கம் தடுத்திருக்கிறது. இரண்டையும் தவிர்த்தால் இன்ஷா அல்லாஹ் வியாபாரத்தில் பரக்கத் உண்டு.