குருதிக் குறையும் ஓர் அறிஞர் வாழ்வும்

பெற்றோரின் நிறமும் உருவமும் மக்களிடத்து வந்தமைதல் யாவரும் அறிந்ததே. அவ்வாறே சில நோய்களும் குலவழி வருகின்றன. அவற்றுள் குருதியைப் பற்றியதொன்று தலசீமியா. இந்நோயை ஆராய்வதிலே தம் வாழ்நாளைச் செலவிட்ட சேர் டேவிட் வெதரோல் என்னும் அறிஞர், நம் இலங்கையிலும் நெடுங்காலம் ஆராய்ச்சி நடத்தியவர். ஆதலின் அவர் கண்டவற்றை நம் கல்லூரி அன்பர்கள் அறிந்துகொள்ளுதல் நன்று.

1933இல் இங்கிலாந்திலே லிவர்பூல் நகரிற் பிறந்த வெதரோல், மருத்துவம் கற்றபின் கட்டாயப் படைச்சேவையின் பொருட்டுச் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டார். அங்கே கூர்க்காப் படைவீரர் ஒருவரின் பெண்குழந்தை, காரணம் தெரியாத இரத்தசோகையால் வாடி, பிறர் குருதி ஏற்றப்பட்டே உயிர் வாழ்ந்தது. பிராங் வெல்லா என்பாருடன் கூடி ஆராய்ந்து, அது தலசீமியாவே என அவர் துணிந்தார். மத்தியதரைக் கடலோர மக்களின் நோயென்றே பலரும் அதனை எண்ணியிருந்த காலம் அது. 1960இல் இச்செய்தி வெளிவந்தபோது, படையினரின் குலநோயைப் பறைசாற்றினாரென மேலதிகாரிகள் அவரைக் கடிந்துகொண்டனர். அவரோ ஆராய்ச்சியைக் கைவிட்டாரல்லர்.

செங்குழியத்திலுள்ள ஈமோகுளோபின் என்னும் புரதமே உடலெங்கும் ஒட்சிசனைச் சுமந்து செல்வது. அஃது இரண்டு அல்பாச் சங்கிலிகளும் இரண்டு பீற்றாச் சங்கிலிகளும் இணைந்து ஆவது. பீற்றாத் தலசீமியாவில் ஒருவகைச் சங்கிலி குறைய, மற்றையது மிஞ்சுகின்றது. மிஞ்சியது படிந்து, செங்குழியங்களை என்புமச்சையிலேயே அழிக்கின்றது. இச்சமநிலைக் கேட்டினை 1965இல் வெதரோலும் ஜோன் கிளெக் முதலியோரும் கதிரியக்க முறையால் அளந்து காட்டினர். 1974 முதல் வெதரோல் ஒக்ஸ்போர்ட்டிலே பேராசிரியராய் விளங்கினார்.

இக்குறை இத்துணைப் பரவியதேன்? குறையுள்ள பரம்பரையலகொன்றை மட்டும் உடையோர் மலேரியாவை ஒருவாறு தாங்குவர் என்பது 1949இல் ஹோல்டேன் என்பார் கூறிய கருத்து. பிற்கால ஆய்வுகள் அதற்கு அரண் செய்தன. நுளம்புக் காய்ச்சலால் நம் முன்னோர் பட்ட பாட்டைப் பொத்துவில் முதலாய கீழ்க்கரை ஊரார்க்கு எடுத்துரைத்தல் வேண்டா. 2016இல் இலங்கை மலேரியாவற்ற நாடென அறிவிக்கப்பட்டது. குருதியிற் கரந்த குறையோ எஞ்சி நிற்கின்றது.

குருநாகலில் சாந்திமாலா டி சில்வா, அனுஜ பிரேமவர்தன முதலிய நம் நாட்டு வைத்தியர்கள் வெதரோலுடன் இணைந்து உழைத்தனர். ஈமோகுளோபின் ஈ எனும் வேறுபாடும் பீற்றாத் தலசீமியாவும் ஒருங்கே அமைந்த 109 நோயாளரை அவர்கள் தொடர்ந்து கவனித்தனர். அவர்களுள் இரத்தம் ஏற்றப்பட்டு வந்தோரில் 37 பேருக்கு அதனை நிறுத்த முடிந்தது என 2005இல் வெளியிட்டனர். இஃது எளிய செய்தியன்று. ஏற்றும் ஒவ்வொரு குருதியோடும் இரும்பு உடலிற் சேர்ந்து, ஈரலையும் இதயத்தையும் கெடுக்கின்றதன்றோ!

வெதரோல் 2018இல் மறைந்தார். அவர்தம் உழைப்பால் நாம் பெறும் பயன் யாது? குறையுள்ள பரம்பரையலகொன்றை மட்டும் உடையவர் நோயாளரல்லர். அவர் நம்மைப்போல் நலமாகவே வாழ்வர். அத்தகைய இருவர் மணந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு நோய்வாய்ப்பு உண்டு. ஒருவர் மட்டும் அவ்வாறிருப்பின் பிள்ளைகள் கடுநோய்க்கு ஆளாகார். மச்சான் மச்சாள் முறைகொண்டு மணம் முடிக்கும் நம்மவரிடையே, ஒரே பாட்டனின் குறை இருவரையும் அடைந்திருத்தல் கூடும். எனவே சாதகம் பார்க்கும் பெற்றோர், மணம் பேசுமுன் எளிய இரத்தப் பரிசோதனையையும் செய்விப்பாராக. முடிவு எதுவாயினும் மணமக்களை, சிறப்பாகப் பெண்ணை, இழித்துரைத்தல் அறியாமையாகும். மறைத்தலால் அழிவது நம் குழந்தைகளின் நலமே. இதனை ஊரார்க்கு விளக்கியுரைத்தல், கற்ற இளைஞர்தம் கடனாகும்.