உப்புத் தொட்டிகளுக்குப் பிளாஸ்டிக் உட்தகடு

மரக்காணத்து உப்பு முற்காலத்தில் பக்கிங்காம் கால்வாய் வழியாகப் படகுகளில் சென்னைக்குச் சென்றது. கூடையில் ஏற்றிக் கூடையில் இறக்கிய அந்நாளில், உப்புப் பலகையில் ஒட்டிக்கொள்வது பெரிய காரியமன்று. கையால் வழித்தெடுத்து விடுவார்கள். இக்காலத்திலோ உப்பு டிராக்டர் டிரெய்லரிலும் லாரியிலும் ஏறி, அரவை ஆலையில் ஹாப்பர் என்னும் புனல் வடிவான இரும்புத் தொட்டியில் கொட்டப்பட்டு, அதன் அடிவாய் வழியாகத் தானே இறங்க வேண்டியிருக்கிறது. அவ்வாறு இறங்காமல் தொட்டியிலேயே கட்டிக்கொள்ளும் உப்பினால் விளையும் தீங்கையும், அதற்குப் பிளாஸ்டிக் உட்தகடு எவ்வளவு பரிகாரம் என்பதையும் இங்கே விவரிப்போம்.

உப்பு ஒட்டுவதற்குக் காரணங்கள் மூன்று. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75 பங்குக்கு மேற்பட்டால் சுத்தமான உப்பும் நீரை உறிஞ்சிக் கசியும்; கடலோரத்து இரவுகளில் இவ்வளவு ஈரம் சாதாரணம். மறுநாள் வெயிலில் அந்நீர் உலரும்போது, பரல்களுக்கு இடையே புதிய உப்பு உறைந்து அவற்றைப் பிணைத்துவிடும். இரண்டாவதாக, உப்பு விளைந்தபின் பாத்தியில் எஞ்சும் கசப்பு நீரில் மக்னீசியம் குளோரைடு உண்டு. அது இன்னும் குறைந்த ஈரத்திலேயே நீரை இழுக்கும். ஆகையால் கசப்பு நீர் நன்றாக வடியாத உப்பு எப்பொழுதும் பிசுபிசுப்பாகவே இருக்கும். மூன்றாவதாக, உப்பு நீர் இரும்பைத் துருப்பிடிக்கச் செய்து, வழுவழுப்பாயிருந்த தகட்டைச் சொரசொரப்பாக்கிவிடுகிறது.

இதனால் நேரும் நஷ்டம் கூலியோடு நிற்பதில்லை. நேரடியாக மனிதர் உண்பதற்கு அயோடின் சேராத உப்பை விற்பது 2006-ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் தடுக்கப்பட்டிருக்கிறது. உண்பவர் கைக்கு வரும்போது ஒரு கிலோ உப்பில் அயோடின் 15 மில்லிகிராமுக்குக் குறையலாகாது. தொட்டியிலிருந்து இறங்கும் உப்பின்மீது பொட்டாசியம் அயோடேட் கரைசலைத் தெளித்தே இதைச் சேர்க்கிறார்கள். உப்பு ஒரு சமயம் நின்றும், ஒரு சமயம் சரிந்தும் வருமானால், ஒரு மூட்டையில் மருந்து மிகுந்தும் மற்றொன்றில் குறைந்தும் போகும். குறைந்த மூட்டை செல்லும் வீட்டில் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்குமே தீங்கு. இதனினும் கொடியது ஒன்றுண்டு: நின்றுபோன உப்பைக் கடப்பாரையால் இடிக்கத் தொட்டிக்குள் இறங்கியவர், மேலிருந்து சரியும் உப்பில் புதைந்து மூச்சடைத்து இறக்க நேரிடலாம். தொட்டியை வெளியிலிருந்து சம்மட்டியால் அடிப்பதும் வீண். தகடு நெளிந்து, அந்த நெளிவிலேயே உப்பு மேலும் தங்கும்.

பாலிதீன் என்னும் பிளாஸ்டிக், 1933-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வின்னிங்டன் என்னும் ஊரின் இரசாயனச் சாலையில் கண்டுபிடிக்கப்பட்டது. இதன் மிக உயர்ந்த மூலக்கூறு எடையுள்ள வகையே தொட்டிகளுக்கு உட்தகடாக உதவுவது. அது நீரைக் குடிக்காது, துருப்பிடிக்காது, உப்பினால் அரிக்கப்படாது, தேய்மானத்தை நன்கு தாங்கும், மெருகிட்ட எஃகு அதன்மேல் எளிதில் வழுகும். ஆயினும் 80 பாகை வெப்பத்துக்கு மேற்பட்ட இடங்களுக்கு அது ஏற்றதன்று. நெருப்புப் பட்டால் எரியும்.

வாங்குமுன் சிறு சோதனை ஒன்று செய்க. ஓரடிச் சதுரமான துருத்தகடு ஒன்றும், அதே அளவான பிளாஸ்டிக் தகடு ஒன்றும் எடுத்துக்கொள்க. அடியில்லாத தகர வளையத்தை ஒவ்வொன்றின்மீதும் வைத்து, ஆலைக்கு வரும் அதே ஈர உப்பை நிரப்பி, மேலே ஒரு கல்லைப் பாரமாக வைத்து, ஓரிரவு விட்டுவிடுக. காலையில் வளையத்தைச் சற்றே உயர்த்திப் பிடித்துத் தகட்டைச் சாய்த்து, உப்பு எந்தச் சரிவில் நழுவுகிறதென்று குறித்துக்கொள்க. தொட்டியின் சுவர் அச்சரிவைக் காட்டிலும் குறைந்தது ஐந்து பாகையேனும் செங்குத்தாயிருத்தல் வேண்டும். இல்லையெனில் உட்தகட்டுக்குச் செலவிடும் பணம் வீண்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை:

1. பழைய துருவைச் சுரண்டி, இரும்புக்கு வர்ணம் பூசிய பின்னரே தகட்டைப் பொருத்துக. தகட்டின் பின்னே உப்பு நீர் புகுந்தால், கண்ணுக்குத் தெரியாமல் இரும்பு அரிபடும். மேல் விளிம்பை ஒரு பட்டையால் மூடுக.

2. உப்பே ஒட்டாத பொருளில் பசையும் எளிதில் ஒட்டாது. துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளால் இறுக்கி, அவற்றின் தலை தகட்டுக்குள் அமிழ்ந்திருக்கச் செய்க.

3. வெப்பம் 30 பாகை ஏறினால் ஒரு மீட்டர் பிளாஸ்டிக் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் நீளும். இரும்பு அரை மில்லிமீட்டரும் நீளாது. ஆதலால் துளைகளை நீள்துளைகளாக இட்டு, தகடுகளுக்கு நடுவே இடைவெளி விடுக. இதை மறந்தால் தகடு புடைத்துப் பிய்ந்துவிடும்.

4. கூரை ஓடு போல, மேல் தகட்டின் விளிம்பு கீழ்த் தகட்டின்மேல் படியட்டும்.

5. உண்ணும் உப்புக்கு, உணவுக்குத் தகுதியென்று சான்று பெற்ற தகட்டையே வாங்குக. தேய்ந்து நார் நாராக உரியும் தகட்டை உடனே மாற்றுக. இன்றேல் பிளாஸ்டிக் துகள் உப்பில் கலக்கும்.

6. தகடு பொருத்திய பிறகு தொட்டியில் வெல்டிங் வேலை செய்யலாகாது.

உட்தகட்டினால் ஆகாதவையும் உண்டு. அடிவாய் குறுகலாயிருந்தால், எத்தனை வழுவழுப்பான சுவராயினும் உப்பு வளைவுபோல் கட்டி நிற்கும்; வாயை அகலப்படுத்துவதே வழி. பெருந்தொட்டிகளில் பண்டம் இறங்கும் விதம் மாறினால் சுவரின்மேல் அழுத்தமும் மாறுமாதலால், பொறியாளரின் யோசனை அவசியம். டிரெய்லரில் பொருத்துவோர், பின்கதவைத் திறந்த பின்னரே பெட்டியைத் தூக்க வேண்டும். சரக்கு ஒரே பாய்ச்சலாக இறங்குமாதலின் பின்னால் ஒருவரும் நிற்கலாகாது.

ஈர ஜிப்சமும் தவிடும் கையாளும் விவசாயிகளுக்கும் இம்முறை பயன்படும். எதுவாயினும், முதலில் கசப்பு நீரை வடித்து, உப்பை உலர்த்தி, மழைக்கும் பனிக்கும் மூடிக் காப்பதே மூலமான பரிகாரம்; உட்தகடு அதற்குத் துணையே. தொட்டியில் உப்பு நின்றுவிட்டால், அதை இடிக்க ஆளை உள்ளே இறக்கும் வழக்கத்தைத் தத்தம் கிராமங்களில் அடியோடு நிறுத்துமாறு கிராம அதிகாரிகளையும் உப்பளச் சொந்தக்காரர்களையும் கேட்டுக்கொள்ளுகிறோம்.