வீட்டின் விலை வேறு. வீடு வாங்கும் செலவு வேறு

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்’ என்பது நம் முன்னோர் வாக்கு. இது கட்டுகிறவருக்கு மட்டும் உரியதன்று. கட்டிய வீட்டை விலை கொடுத்து வாங்குகிறவருக்கும் பொருந்தும். பேசி முடித்த விலை ஒன்றாக இருக்கும்; கையை விட்டுப் போகும் தொகை வேறொன்றாக இருக்கும். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை முன்கூட்டி அளந்தவர் நிம்மதியாகக் குடியேறுகிறார். அளக்காதவர் கடனோடு குடியேறுகிறார்.

நம் குடும்பங்கள் பலவற்றில் வீடு என்பது ஒரு தலைமுறையின் உழைப்பு. வளைகுடா நாடுகளில் பதினைந்து, இருபது ஆண்டுகள் குடும்பத்தைப் பிரிந்திருந்து சேர்த்த பணம் அது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் பெண் மக்களுக்கு வீடு கொடுத்து மணமுடிக்கும் வழக்கம் இருப்பதால், நிக்காஹ் தேதிக்குள் பத்திரத்தை முடித்தாக வேண்டும் என்ற அவசரமும் சேர்ந்துகொள்கிறது. அந்த அவசரத்தில் விலையை மட்டும் பேசிவிட்டு, பதிவுக்கு முந்திய வாரத்தில் மூன்று, நான்கு இலட்சம் குறைகிறது என்று கண்டு நகையை அடகு வைப்போரும் உண்டு. வாழ்நாளெல்லாம் வட்டியை விலக்கி வந்தவர், அந்த ஒரு வாரத் தேவைக்காக வட்டிக் கடைப் படியேறும் நிலை எவ்வளவு வேதனையானது! ஆகவே, தமிழ்நாட்டில் வீடு வாங்குவோர் எந்தெந்தச் செலவுகளை முதலிலேயே கணக்கில் கொள்ள வேண்டும் என்பதை இங்கே முறையாகப் பார்ப்போம்.

முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும்

செலவுகளுள் பெரியது இதுவே. கிரயப் பத்திரத்திற்கு முத்திரைத் தீர்வை, மாற்றுத் தீர்வை இரண்டும் சேர்ந்து 7 சதவிகிதம். பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம். ஆக 9 சதவிகிதம். 2017 ஜூன் முதல் பதிவுக் கட்டணம் 4 சதவிகிதமாக இருந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் அது 2 சதவிகிதமாகக் குறைக்கப்பட்டது. ஆனால் 2017இல் குறைக்கப்பட்டிருந்த வழிகாட்டி மதிப்பு அதே நாளில் பழைய நிலைக்கு உயர்த்தப்பட்டது. எனவே சதவிகிதம் குறைந்ததை மட்டும் கேட்டு மகிழ்ந்துவிடலாகாது.

நாற்பது இலட்ச ரூபாய் வீட்டுக்கு இந்தச் செலவு மட்டும் ரூ. 3,60,000 ஆகும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நீங்கள் பேசிய விலையைவிட அரசின் வழிகாட்டி மதிப்பு அதிகமாக இருந்தால், தீர்வை அந்த அதிக மதிப்பின் மீதே கணக்கிடப்படும். அந்தத் தெருவின் வழிகாட்டி மதிப்பைப் பதிவுத்துறை இணையதளத்திலோ, சார்பதிவாளர் அலுவலகத்திலோ அறிந்துகொண்ட பிறகே விலை பேச உட்கார வேண்டும். வேறுவிதமான உடன்படிக்கை இல்லாதவரை, கிரயப் பத்திரத்தின் முத்திரைச் செலவு வாங்குபவரையே சேரும் என்பதுதான் சட்டம்.

பெண்கள் பெயரில் பத்து இலட்ச ரூபாய் வரையிலான சொத்தைப் பதிவு செய்தால், 2025 ஏப்ரல் 1 முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவிகிதம் சலுகை அளிக்கப்படுகிறது. சிற்றூர்களில் மனையோ சிறு வீடோ வாங்குவோருக்கு இது பயன்படும்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் முதல் விற்பனையாக வீடு வாங்குவோருக்கு 2023 டிசம்பர் 1 முதல் வேறு முறை வந்துள்ளது. நிலத்தின் பிரிபடாத பங்கிற்கு ஒரு பத்திரம், கட்டுமானத்திற்கு ஓர் ஒப்பந்தம் என்று பிரிக்காமல், வீட்டின் கூட்டு மதிப்பின் மீது ஒரே பதிவு நடைபெறுகிறது. ஐம்பது இலட்சம் வரை 6 சதவிகிதம், மூன்று கோடி வரை 7 சதவிகிதம், அதற்கு மேல் 9 சதவிகிதம் என்பது கணக்கு. ஒருவர் குடியிருந்த வீட்டை மறுவிற்பனையில் வாங்கினால் இந்தச் சலுகை இல்லை.

பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டினால் என்ன என்று சிலர் யோசனை சொல்வார்கள். அந்த வலையில் விழ வேண்டாம். நாளை உரிமையில் வழக்கு வந்து பணத்தைத் திரும்பக் கேட்க நேர்ந்தால், பத்திரத்தில் எழுதிய தொகைக்கே சான்று இருக்கும். பின்னாளில் நீங்கள் அதை விற்கும்போது இலாபம் பெரிதாகத் தெரிந்து வரியும் கூடும். நிலம், வீடு விற்பனையில் இருபதாயிரம் ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாகப் பெறுவதை 2015 ஜூன் 1 முதல் வருமான வரிச் சட்டம் தடுத்துள்ளது என்பதும் நினைவிருக்கட்டும்.

விலையோடு சேரும் வரிகள்

கட்டிக்கொண்டிருக்கும் அடுக்குமாடி வீட்டை வாங்கினால் சரக்கு மற்றும் சேவை வரி உண்டு. 2019 ஏப்ரல் 1 முதல் இது பொதுவாக 5 சதவிகிதம். விலை 45 இலட்சத்திற்குள் அடங்கி, உள்பரப்பு சென்னை போன்ற பெருநகரங்களில் 60 சதுர மீட்டருக்குள்ளும் பிற ஊர்களில் 90 சதுர மீட்டருக்குள்ளும் இருந்தால் 1 சதவிகிதம் மட்டுமே. நாற்பத்து நான்கு இலட்சத்தில் இந்த வரம்புக்குள் அடங்கும் வீட்டிற்கு வரி ரூ. 44,000. விலை நாற்பத்தெட்டு இலட்சமானால் வரி ரூ. 2,40,000! நான்கு இலட்சம் கூடுதல் விலை இரண்டு இலட்சத்திற்கு நெருங்கிய வரியையும் இழுத்து வருவதைக் காணுங்கள். பணி முடிந்து நிறைவுச் சான்று பெற்ற பின் விற்கப்படும் வீட்டிற்கு இந்த வரியே இல்லை.

விலை ஐம்பது இலட்சம் அல்லது அதற்கு மேலானால், விற்பவருக்குக் கொடுக்கும் தொகையில் 1 சதவிகிதத்தை வாங்குபவர் பிடித்து அரசுக்குச் செலுத்த வேண்டும். இது உங்கள் கைப்பணமன்று, விற்பவரின் வரி. ஆனால் பிடிக்க மறந்தால் வட்டியும் தாமதக் கட்டணமும் உங்கள் தலையில் விழும். விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவராக இருந்தால் ஐம்பது இலட்ச வரம்பு பொருந்தாது. பிடித்தம் செய்யவேண்டிய விகிதமும் மிக அதிகம். நம்மவர்களிடையே வெளிநாடு வாழ்வோர் சொத்து கைமாறுவது சாதாரணம் என்பதால், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே ஒரு கணக்காளரைக் கலந்துகொள்வது அவசியம்.

பத்திரம் பார்க்கும் செலவு

வழக்கறிஞருக்குக் கொடுக்கும் சில ஆயிரங்களை மிச்சப்படுத்த எண்ணி முழு வீட்டையும் இழப்பது அறிவுடைமையன்று. மூலப்பத்திரம், முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, கட்டட அனுமதி ஆகியவற்றை அவர் பார்த்து எழுத்துமூலம் கருத்துரை தர வேண்டும். வில்லங்க விவரத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் நாமும் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

நம் சமுதாயத்தாரிடம் வாங்கும்போது ஒன்றைத் தனியே கேட்க வேண்டும்: சொத்து யாருடைய பெயரில் இருந்தது, அவருக்கு வாரிசுகள் எத்தனை பேர்? தந்தை மறைந்தால் தாய்க்கும் பெண் மக்களுக்கும் ஷரீஅத்படி பங்குண்டு. அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்திட்டு விற்ற வீட்டில் பங்கு கேட்டு, மணமாகிப் போன சகோதரி பின்னாளில் நீதிமன்றம் சென்றால் அவர் பக்கமே நியாயம் இருக்கும். வாரிசுச் சான்றிதழைப் பார்த்து, அனைவரும் கையெழுத்திட்டால்தான் அது முழுமையான கிரயம்.

வக்ஃபு நிலம், கோயில் நிலம், அரசுப் புறம்போக்கு ஆகியவற்றில் எழுந்த வீடுகள் மலிவாகக் கிடைக்கும். அந்த மலிவே எச்சரிக்கை. 2016 அக்டோபர் 20க்கு முன் உண்டான அங்கீகாரமில்லாத மனைகளை வரன்முறைப்படுத்த 2017இல் அரசு திட்டம் கொண்டுவந்தது. அப்படிப்பட்ட மனையானால் வரன்முறைக் கட்டணத்தை விற்பவர் கட்டிவிட்டாரா என்று கேளுங்கள். இல்லையேல் அது உங்கள் செலவாகிவிடும். அதிகாரப் பத்திரம் மட்டும் எழுதி வாங்கினால் வீடு உரிமையாகாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்திருக்கிறது.

வெளிநாட்டிலிருந்து வர இயலாதவர், தம் சார்பில் மனைவிக்கோ சகோதரருக்கோ அதிகாரம் எழுதி அனுப்பலாம். அந்த ஆவணம் இந்தியத் தூதரகத்தில் சான்றிடப்பட்டு, இங்கு வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் முத்திரையிடப்பட வேண்டும். இதற்கும் செலவு, நாள் இரண்டும் ஒதுக்குக.

முன்பணமும் எழுத்தும்

கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளவும் சாட்சிகளை அமர்த்தவும் திருக்குர்ஆன் அல்பகரா அத்தியாயத்தில் விரிவாகக் கட்டளையிட்டிருக்க, ‘நம்மவர்தானே’ என்று வாய்ச்சொல்லில் இலட்சங்களைக் கொடுப்பது ஏன்? எந்தச் செலவு யாருடையது, எத்தனை நாளில் பதிவு, ஆவணத்தில் குறை கண்டால் முன்பணம் திரும்ப வருமா என்பவற்றை ஒப்பந்தத்தில் எழுதுக. கட்டுமான நிறுவனத்திடம் வாங்கினால், 2016ஆம் ஆண்டின் ரெரா சட்டப்படி, பதிவு செய்த ஒப்பந்தமின்றி விலையில் 10 சதவிகிதத்திற்கு மேல் அவர்கள் பெறக் கூடாது.

வங்கியை நாடுவோர்

வட்டிக் கடனைத் தவிர்ப்பவர்கள் முழுத் தொகையையும் சேமித்தே வாங்குகிறார்கள். வேறு வழியின்றி வங்கிக்குச் செல்வோரும் இருக்கிறார்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி முப்பது இலட்சத்திற்கு மேல் எழுபத்தைந்து இலட்சம் வரையிலான கடன் வீட்டு விலையில் 80 சதவிகிதத்தைத் தாண்டலாகாது. பத்து இலட்சத்திற்கு மேற்பட்ட வீடுகளில் முத்திரை, பதிவுச் செலவுகளை அந்த விலையில் சேர்க்கவும் கூடாது. எனவே நாற்பது இலட்ச வீட்டிற்குக் கடன் 32 இலட்சம் கிடைத்தாலும், 8 இலட்சமும் பதிவுச் செலவு 3,60,000மும் சேர்த்து ரூ. 11,60,000 கையில் இருந்தாக வேண்டும். விண்ணப்பக் கட்டணம், மதிப்பீட்டாளர் கட்டணம், அடமான ஆவணப் பதிவு ஆகியவை இதற்கு மேல்.

சாவி கைக்கு வந்த பின்

பட்டா, சொத்து வரி, குடிநீர், மின் இணைப்பு ஆகியவற்றில் பெயர் மாற்ற வேண்டும். பழைய பாக்கி இருந்தால் அதைக் கேட்டு அலுவலர்கள் வருவது புதிய உரிமையாளரிடமே. எனவே கடைசி இரசீதுகளைப் பதிவுக்கு முன்பே பெற்றுவிடுங்கள். அடுக்குமாடியானால் பராமரிப்பு வைப்புத் தொகை, வாகன நிறுத்துமிடம், மின் இணைப்புக்கான தொகை என்று தனித்தனியே கேட்பார்கள். அனைத்தும் உட்பட விலை என்ன என்பதை எழுத்தில் கேளுங்கள். பழைய வீடானால் மழைநீர் ஒழுகும் தளமும், துருப்பிடித்த குழாயும், பழைய மின் கம்பிகளும் வாங்கிய பிறகே கண்ணில் படும். ஒரு கொத்தனாரையும் மின் பணியாளரையும் முன்னரே அழைத்துச் சென்று காட்டினால் அவர்களின் கூலி வீணாகாது.

ஒரு கணக்கு

நாற்பது இலட்ச ரூபாய் பழைய வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். பதிவுச் செலவு ரூ. 3,60,000. தரகு 1 சதவிகிதம் என்றால் ரூ. 40,000. வழக்கறிஞர், பத்திர எழுத்தர், நகல்கள் ஆகியவற்றிற்கு ரூ. 20,000 என்று வைப்போம். பழுதுபார்க்கவும் பெயர் மாற்றங்களுக்கும் ரூ. 80,000. மொத்தம் ஐந்து இலட்சம்! நாற்பது இலட்ச வீடு உண்மையில் நாற்பத்தைந்து இலட்ச வீடு.

இக்கணக்கைத் திருப்பிப் போட்டால் வழி தெரியும். கையில் மொத்தமே நாற்பது இலட்சம் இருப்பவர் தேட வேண்டியது முப்பத்தைந்தரை இலட்ச ரூபாய் வீட்டைத்தான். விலையை ஒத்துக்கொள்ளும் முன் கணவனும் மனைவியும் அமர்ந்து, இங்கே கூறிய ஒவ்வொன்றையும் ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கூட்டிப் பாருங்கள். அன்றைய கட்டண விகிதத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். கூட்டுத்தொகை கைக்கு மீறினால் சிறிய வீட்டைப் பாருங்கள். அல்லது ஓராண்டு பொறுத்திருங்கள். கடனில்லாத சிறு வீட்டில் வரும் உறக்கம், கடன் சுமந்த பெரிய வீட்டில் வருவதில்லை.