பதனி அடுப்பின் சூடு எங்கே போகுது?

சாயல்குடிப் பக்கம் பனங்காட்டுக்குள் எங்கள் விடிலி இருக்கிறது. அண்ணன் பனை ஏறுவார், மதினி பதனி காய்ச்சுவார். போன பருவத்தில் ஒருநாள், “தம்பி, சட்டி கொதிக்க முன்னாடி என் முழங்கால் கொதிச்சிருது” என்றார் மதினி. அடுப்புச் சுவரில் கையை வைத்துப் பார்த்தேன், வைக்க முடியலை. சட்டிக்குப் போக வேண்டிய சூடு மதினியின் காலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏறக்குறைய 8 லிட்டர் பதனி வேண்டும். அதாவது 7 லிட்டர் தண்ணீரை ஆவியாக்கணும். தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைப்போல் ஏறக்குறைய 8 மடங்கு, அதை ஆவியாக்க ஆகும். ஆனாலும், சூடு முழுக்கச் சட்டியில் ஏறினால் ஒன்றேகால் கிலோ காய்ந்த விறகு போதும் என்றுதான் கணக்கு வருது. நாம் எரிப்பது அதைப்போலப் பல மடங்கு.

சீமைக்கருவேல்தான் கிடக்கே, எரிச்சா என்ன என்று கேட்கலாம். வெட்டிச் சுமப்பது யார்? அதோடு, காய்ச்ச நேரமானால் காத்திருக்கும் பதனி புளிக்கும். புளித்தது சரியாக உறையாது. சீனி கலக்கிற ஆசை எட்டிப்பார்ப்பதும் அங்கேதான்.

கனடாவில் மேப்பிள் மரத்துச் சாற்றைக் காய்ச்சிப் பாகு எடுக்கிறார்கள். அந்தச் சாற்றில் இனிப்பு 2 சதவீதம் அளவுதான். 40 லிட்டர் காய்ச்சினால் 1 லிட்டர் பாகு. அதனால் அடுப்புக்குள் தீச்செங்கல் பதித்து, அதற்கு வெளியே வெப்பம் கடத்தாத பஞ்சுப்போர்வையும் வைக்கிறார்கள். நம் பதனியில் இனிப்பு அதைவிடப் பல மடங்கு அதிகம். அந்தத் தெம்பில் நாம் அடுப்பைக் கவனிக்கலை போல.

நான் முதலில் செய்தது தப்பு. சுவரைத் தடிப்பாக்கினால் சூடு நிற்கும் என்று நினைத்து, இரண்டு சுவர் எழுப்பி நடுவில் கடல் மணலைக் கொட்டினேன். மணல் சூட்டைக் குடித்துக்கொண்டே இருந்தது, கொதி வரத் தாமதமானது. கனமான பொருள் சூட்டை வாங்கி வைக்கும், தடுக்காது. தடுப்பது அசையாமல் அடைபட்ட காற்றுதான். கம்பளி கதகதப்பாக இருப்பதும் அதனால்தானே!

மணலை அள்ளிவிட்டு உமிச்சாம்பலைப் போட்டேன். உள்சுவர் நான்கு விரற்கடைதான். களிமண்ணோடு உமியைப் பிசைந்து கட்டி, நன்றாகக் காயவிட்டோம். தீயில் உமி எரிந்துபோய்ச் சிறுசிறு துளைகள் மிஞ்சும், அதுவும் காற்று அடைபட்ட இடம்தான். அதற்கும் வெளிச்சுவருக்கும் நடுவில் ஆறு விரற்கடை இடைவெளியில் சாம்பல். மேலே களிமண்ணால் மூடி மெழுகினோம். சாம்பல் கொட்டும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். பச்சை உமியை அப்படியே நிரப்பிவிடாதீர்கள், உள்ளே கனன்றுகொண்டே கிடக்கும், விடிலியோ ஓலைக் கூரை. கடற்கரையில் கிடக்கும் பவளக்கல்லும் ஆகாது. கடும் தீயில் சுண்ணாம்பாக நீறி, ஈரம் பட்டதும் உதிர்ந்துவிடும். அதை எடுப்பது சட்டப்படியும் குற்றம்.

அடுப்பின் தரையை மறந்துவிடக் கூடாது. நம் கரையோர மணலில் கொஞ்சம் தோண்டினாலே ஈரம். குழியடுப்பு அந்த ஈரத்தையும் சேர்த்தே காய வைக்கிறது. அதனால் அடுப்பைத் தரைக்கு மேலே தூக்கி, உடைந்த ஓடு பரப்பி, அதன்மேல் சாம்பல், அதற்கும் மேல் உமிக் களிமண் என்று போட்டோம். சட்டிக்கும் சுவருக்கும் இரண்டு விரல் இடைவெளி விட்டு, பின்பக்கம் மட்டும் புகை போக வழி. வாய் கச்சான் காற்றுக்கு நேராக இல்லாமல் பார்த்துக்கொண்டோம், அந்தக் காற்று தீயைச் சட்டிக்கு அடியில் நிற்கவிடாது.

முதல் நாளே ஒரு சட்டி கருகிவிட்டது! பாகு முறுகும் நேரத்தில் வழக்கம்போல விறகை இழுத்தோம். ஆனால் உள்சுவரின் சூடு அடங்கவே இல்லை, அன்றைய கருப்பட்டி முழுக்கக் கசப்பு. அண்ணன் ஒன்றும் சொல்லலை, சட்டியைச் சுரண்டிக்கொண்டே இருந்தார். இப்போது பாகு துடுப்பில் கனக்கத் தொடங்கும்போதே விறகை இழுத்துவிட்டு, மிச்ச சூட்டிலேயே முடிக்கிறார் மதினி. மேப்பிள்காரர்களும் கடைசிப் பதத்தைத் தனிச் சட்டிக்கு மாற்றுவது உண்டு. இரண்டு அடுப்பு இருந்தால் நாமும் அப்படிச் செய்யலாம்.

முன்பு மூன்று கட்டு விறகு போன இடத்தில் இப்போது இரண்டு கட்டு போகுது. வெளிச்சுவரில் கை வைத்தால் வெதுவெதுப்புதான். கொதி பொங்கும்போது தூவ ஆமணக்கு முத்துப் பொடியை மட்டும் முன்னைவிடக் கிட்டத்தில் வைத்துக்கொள்ளணும், பொங்கு சட்டென்று வருது.

ஐப்பசி மழைக்கு முன்னால் அடுப்பை ஓலை போட்டு மூடிவிடுங்கள். நனைந்த சாம்பல் சூட்டைத் தடுக்காது. நனைந்துவிட்டால் தை பிறந்ததும் மேல் மெழுக்கை உடைத்து, சாம்பலை அள்ளி வெயிலில் காயவைத்துத் திரும்பப் போடணும். அரைநாள் வேலை.