யுரேனியக் கழிவுக்குளங்களில் தாவர மூடாக்கு

யுரேனியக் கழிவுக்குளங்களில் தாவர மூடாக்கு என்பது, நிரம்பிய கழிவுக்குளத்தின் மேல் மண் பரப்பி, அதில் புல், செடிகளை வளர்த்து மண்ணை நிலைநிறுத்தும் முறையாகும். இந்தியாவில் ஜார்க்கண்டு மாநிலத்தின் ஜாதுகோடாவில் இம்முறை பின்பற்றப்படுகிறது.

தேவை

தாதுவை அரைத்து யுரேனியத்தைப் பிரித்த பின் எஞ்சும் மாவு போன்ற சேற்றில், தாதுவின் கதிரியக்கத்தில் சுமார் 85 விழுக்காடு தங்கிவிடுகிறது. இதிலுள்ள ரேடியம்-226இன் அரைவாழ்வுக் காலம் சுமார் 1,600 ஆண்டுகள். அது சிதைந்து ரேடான் வளிமமாகிறது. சேறு காய்ந்தால் காற்றில் தூசியாகப் பறக்கும். மழையில் ஓடைகளுக்கு அடித்துச் செல்லப்படும்.

செயல்படும் விதம்

இலைகள் மழைத்துளியின் வேகத்தைக் குறைக்கின்றன. வேர்கள் மண்ணைப் பிணைக்கின்றன. செடிகள் நீரை உறிஞ்சி ஆவியாக விடுவதால் கழிவுக்குள் இறங்கும் நீரும் குறைகிறது. ஆனால் தாவரங்கள் கதிரியக்கத்தை அழிப்பதில்லை. கழிவு இடம்பெயராமல் காக்க மட்டுமே உதவுகின்றன.

ஜாதுகோடா

இந்திய யுரேனியக் கழகம் 1967இல் தொடங்கப்பட்டது. ஜாதுகோடாவில் நிரம்பிய முதல் இரு குளங்கள் சுமார் 30 செ.மீ. மண்ணால் மூடப்பட்டு, நாணல், சம்பு, நெய்வேலிக் காட்டாமணக்கு போன்ற உணவுக்குப் பயன்படாத தாவரங்கள் வளர்க்கப்பட்டன. சுற்றிலும் சந்தால், ஹோ பழங்குடியினரின் ஊர்கள் உள்ளன. எனவே மூடாக்கில் கால்நடைகள் மேயாமல் தடுப்பதும் முக்கியமாகிறது.

வேர்களால் வரும் சிக்கல்

ரேடியம் வேதியியல் பண்பில் கால்சியத்தை ஒத்தது. எனவே வேர்கள் அதையும் உறிஞ்சி இலைக்குக் கொண்டுசெல்லும். ஆழமான வேர்கள் களிமண் படுகையைத் துளைக்கும். அவை மட்கிய பின் அத்துளைகள் நீர் இறங்கும் வழிகளாகும். அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலுள்ள பரெல் கழிவுக்களத்தில் தானாக முளைத்த செடிகளின் வேர்கள் மூடாக்கை ஊடுருவின. இதனால் மெல்லிய மூடாக்கில் ஆழமற்ற நார்வேர்ப் புற்களே ஏற்றவை. மரக்கன்றுகள் முளைத்தால் களைய வேண்டும். ஆழமான வேர்களுக்கு இடம் தர வேண்டுமானால் மண்ணின் தடிமனைக் கூட்ட வேண்டும்.

தேனியும் அணுக்கழிவு அச்சமும்

தேனி மாவட்டத்திலோ கம்பம் பள்ளத்தாக்கிலோ இத்தகைய கழிவுக்களம் இல்லை. எனினும், பொட்டிபுரம் நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்துக்கு 2015 சனவரியில் நடுவண் அமைச்சரவை ஒப்புதல் அளித்தபோது, மலைக் குகையில் அணுக்கழிவு வைக்கப்படலாம் என்ற அச்சம் மக்களிடையே நிலவியது. வளிமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோக்களை இரும்புத் தகடுகளாலான உணர்கருவியால் ஆராய்வதே நோக்கம் எனத் திட்ட அறிவியலாளர்கள் விளக்கினர்.

நீண்டகாலப் பராமரிப்பு

அமெரிக்க விதிகள் மூடாக்கு 1,000 ஆண்டுகள் வரை, குறைந்தது 200 ஆண்டுகளாவது பயன்தர வேண்டும் என்கின்றன. ரேடியத்தில் பாதி சிதையவே அதைவிட அதிகக் காலம் ஆகும். ஆகவே நட்டவர்களின் காலத்துக்குப் பின்னும் தலைமுறைகள் தோறும் கண்காணிப்பு தேவைப்படுகிறது.